ரணஜன்னி எங்கே போனது?

தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டிலிருந்து ஆந்திராவின் நகரி போகும் சாலையில் மாநிலம் மாறுவதைக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பலகையில் தெலுங்கு எழுத்து வந்துவிடும், கடைக்குள் தமிழ் தொடரும். இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையிலும் அந்தப் பக்கம் ஏகாம்பரகுப்பத்திலும் விசைத்தறிச் சத்தம் ஒன்றுதான். 1960 வரை பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. கோடு அப்புறம்தான் வந்தது. அதனால் பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் இங்கே யாரும் மாநிலம் பார்ப்பதில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இரண்டு பக்கமும் உள்ள வழக்கம். நகரியில் வாழ்க்கைப்பட்ட பெண் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்படி வந்த ஒரு பெண்ணோடு சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். கிராம சுகாதார செவிலியர் பெயரை எழுதி முடித்த கையோடு கேட்டார்: "அங்க எத்தனை ஊசி போட்டாங்கம்மா?"

"ஒண்ணு போட்டாங்கக்கா. ரெண்டாவது உங்க ஊர்ல போட்டுக்கோன்னாங்க."

"எப்ப போட்டாங்க? தேதி இருக்கா? அட்டையக் காட்டு."

அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மாமியாருக்குப் போன் போட்டு, அவர் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்ப, தேதி தெரிந்த பிறகுதான் செவிலியர் குளிர்பெட்டியைத் திறந்தார். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 4 வாரமாவது வேண்டும். இரண்டாவது ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவில் 2 வாரமாவது வேண்டும். அந்தக் கணக்குக்காகத்தான் இவ்வளவு பாடு.

அந்த இரண்டாவது ஊசியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மக்கள் வாயில் இன்னும் 'டிடி ஊசி' என்றே இருக்கிற அது, உலகில் ஆண்டுக்குப் பல லட்சம் பச்சைக் குழந்தைகளைக் கொன்ற ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்ற நோயைக் கிட்டத்தட்ட நம் நினைவிலிருந்தே எடுத்துவிட்டது. எதை எடுத்தது என்பதே நமக்கு மறந்துபோனது.

என் ஆயாவுக்கு மறக்கவில்லை. அவருக்குப் பிறந்தவை ஏழு, தங்கியவை நான்கு. போன மூன்றில் இரண்டு, அவர் வார்த்தையில், "எட்டாம் நாள்ல போச்சு". பிறந்தபோது நல்ல அழுகை. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தது. அப்புறம் மார்பை வைத்தால் உறிஞ்சத் தெரியவில்லை. வாய் பூட்டிக்கொண்டது. தொட்டால், கதவைச் சாத்தினால், விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் உடம்பு விறைத்து வில்லாக வளைந்தது. குலதெய்வத்துக்கு முடிந்துவைத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். தொப்புள்கொடியை அறுத்தது மந்திரசானி. மருத்துவச்சிக்கு எங்கள் பக்கம் தெலுங்குப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அறுத்தது தறியில் இழை நறுக்கும் கத்தி, கட்டியது பாவு நூல், மேலே வைத்தது வறட்டிச் சாம்பல். அந்த அம்மாளைப் பற்றி ஆயா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவர் கைராசிக்காரர் என்றுதான் சொல்வார். அவர் மட்டும் என்ன செய்வார், சாம்பலுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்நோய்க்குத் தமிழில் ரணஜன்னி என்றும் தனுர்வாதம் என்றும் பெயர். தெலுங்கிலும் தனுர்வாதம்தான். தனுசு என்றால் வில், குழந்தை வளைந்த விதத்தைப் பார்த்து வைத்த பெயர். பாலக்காட்டுப் பக்கம் போனால் மலையாளத்தில் குதிரசன்னி. இதற்குள்ளும் ஒரு செய்தி இருக்கிறது, குதிரைச் சாணத்தில் இந்தக் கிருமி நிறைய உண்டு. பஞ்சாபில் எட்டு என்ற எண்ணை வைத்தே பெயர். ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் செயின்ட் கில்டா என்ற குட்டித் தீவிலும் 'எட்டு நாள் நோய்' என்றுதான் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் கண்டிராத தாய்மார்கள் ஒரே எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை முதலில் படித்தபோது ஆயாவின் குரல்தான் காதில் கேட்டது.

நோய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற எல்லாமே விளங்கிவிடும். கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்கிறது. மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் குடலிலும் இருக்கிறது. காற்று பட்டால் அதனால் வளர முடியாது. அதனால் கெட்டியான ஓடு போட்டுக்கொண்டு வித்தாகிக் கிடக்கும். வெயிலையும் வறட்சியையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். காற்று எட்டாத, செத்துக்கொண்டிருக்கும் சதை கிடைத்தால் விழித்துக்கொள்ளும். அறுத்த தொப்புள்கொடியின் நுனி அப்படியொரு சதை. இரத்த ஓட்டம் நின்று, வாடி, சில நாளில் உதிரப்போகிற துண்டு. அதில் சாணச் சாம்பலை வைத்தால் விதைத்த மாதிரிதான்.

கிருமி அங்கேயே இருந்துகொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கும். நஞ்சு நரம்பு வழியே ஏறித் தண்டுவடத்துக்குப் போகும். நம் தசைகள் ஒன்று இழுக்கும்போது எதிர்த்தசை தளர வேண்டும். தளரச் சொல்லும் சேதி நரம்பிலிருந்து வருகிறது. இந்த நஞ்சு அந்தச் சேதியை மட்டும் அடைத்துவிடும். அதனால் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வளைகிறது, மூச்சுத் தசைகளும் பிடித்துக்கொள்கின்றன. கடைசிவரை குழந்தைக்கு நினைவு தப்புவதில்லை. சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்துவிடும். மூச்சுக்கருவியும் தீவிர சிகிச்சையும் உள்ள பெரிய மருத்துவமனையில்கூடக் காப்பாற்றுவது கடினம்.

தாய்க்கும் இது வரும். வீட்டுப் பிரசவத்தில் அழுக்குக் கை பட்டாலோ, கருக்கலைப்புக்குக் குச்சியும் வேரும் வைத்தாலோ கருப்பையே அந்தக் காற்றில்லாத இடமாகிவிடுகிறது. கர்ப்பம் முடிந்து 6 வாரத்துக்குள் வந்தால் தாய் ரணஜன்னி என்று கணக்கில் எழுதுகிறார்கள்.

மற்ற தொற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயங்கள் இதில் வித்தியாசம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது பரவாது. அம்மை, போலியோ போன்றவற்றில் ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால் போடாதவருக்கும் ஒரு வேலி கிடைக்கும். இதில் அந்த வேலி கிடையாது. ஊரே போட்டுக்கொண்டிருந்தாலும் போடாத ஒரு பெண்ணின் குழந்தைக்கு ஆபத்து அப்படியே இருக்கும். இரண்டாவது, இந்த நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி வராது. ஆளைக் கொல்லும் நஞ்சின் அளவு அவ்வளவு சிறியது, உடம்பு அதை அடையாளம் பதித்து வைத்துக்கொள்ளக்கூடப் போதாது. எதிர்ப்புச் சக்தி ஊசியால் மட்டுமே வரும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால், செவிலியர் ஏன் ஒரு தேதிக்காக நகரி மாமியாருக்குப் போன் போடச் சொன்னார் என்பது புரியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைப்பதைத் தவிர இந்த நோய்க்கு வேறு வழியே இல்லை.

சரி, குழந்தைக்கு வரும் நோய்க்குத் தாய்க்கு எதற்கு ஊசி? பிறந்த அன்றே குழந்தைக்குப் போட்டாலும் உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரிக்க வாரங்கள் ஆகும். நோயோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தயாராக இருந்தால் அது நஞ்சுக்கொடி வழியே, முக்கியமாகக் கடைசி மாதங்களில், குழந்தைக்குப் போய்ச் சேரும். வெளியே வந்து தொப்புள்கொடியை எந்தக் கத்தியில் அறுத்தாலும் நஞ்சை மறிக்க ஆள் உள்ளேயே இருக்கும். ஊசியில் இருப்பது டாக்ஸாய்டு, அதாவது கொல்லும் குணத்தை எடுத்துவிட்டு அடையாளத்தை மட்டும் விட்டுவைத்த நஞ்சு. 1890இலேயே பெர்லினில் பேரிங்கும் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோவும் எதிர்நஞ்சுச் சீரத்தைக் காட்டிவிட்டார்கள். டாக்ஸாய்டு 1920களில் பிரான்சில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு அள்ளி அள்ளிப் போட்டார்கள். பிரசவிக்கும் பெண்ணுக்குப் போடலாமே என்று பார்க்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. போர்க்களத்துக் காயத்துக்குக் கிடைத்த அவசரம் பிரசவ அறைக்குக் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதைச் செய்து பார்த்த இடம் பப்புவா நியூ கினி. செபிக் பகுதிக் கிராமங்களில் ஸ்கோஃபீல்டு என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் கர்ப்பிணிகளுக்கு டாக்ஸாய்டு போட்டு, பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 1961இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஊசியோடு நின்றவர்களுக்குப் பலன் இல்லை. மூன்று ஊசி போட்டுக்கொண்ட தாய்களின் குழந்தைகளிடம் இந்நோய் ஏறக்குறைய இல்லாமலே போனது. சில ஆண்டுகள் கழித்துக் கொலம்பியாவின் கிராமப்புறத்தில் நடந்த சோதனையும் இரண்டு ஊசி இருந்தாலே குழந்தை தப்பிக்கிறது என்று காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வங்கதேசத்தில் மத்லப் என்ற ஆற்றுப்படுகைப் பகுதியிலிருந்து வருகிறது. 1974இல் அங்கே சோதித்துப் பார்த்தது காலராத் தடுப்பூசியை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு பாதிப் பேருக்கு டெட்டனஸுக்கும் டிப்தீரியா என்ற தொண்டை நோய்க்கும் சேர்ந்த ஊசி போட்டார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் பிறப்பு இறப்பைக் குறித்துவைக்கும் ஏற்பாடு இருந்தது. பிறகு அந்தப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் கவனித்தார்கள்: டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் பச்சைக் குழந்தைகள் குறைவாக இறந்திருந்தன. அதிலும் 4ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் நடுவில் வரும் சாவுதான் குறிப்பாகக் குறைந்திருந்தது. ஆயா சொன்ன எட்டாம் நாள் நட்டநடுவில் விழுகிறது. எத்தனை குழந்தைகள் இந்த ஒரு நோயால் போய்க்கொண்டிருந்தன என்பது ஊசி அந்தச் சாவுகளைத் தடுத்தபோதுதான் தெரியவந்தது.

முன்பே ஏன் தெரியவில்லை? வீட்டில் பிறந்து வீட்டில் இறந்த குழந்தைகள் இவை. பிறப்பும் பதிவாகவில்லை, இறப்பும் பதிவாகவில்லை. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. எங்கள் வீட்டில் பதினோராம் நாள் தீட்டுக் கழித்த பிறகுதான் பெயர் வைப்பார்கள், ஆயாவின் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் அதனால் பெயரே கிடையாது. வீடுவீடாகப் போய்த் தாய்மார்களைக் கேட்ட கணக்கெடுப்புகள் வந்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. 1988ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 7,87,000 பச்சைக் குழந்தைகள் ரணஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். இந்தியாவில் மட்டும் அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு இந்நோய் வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டே, 1989இல், உலக சுகாதாரப் பேரவை 1995க்குள் இதை நீக்கிவிடுவது என்று தீர்மானம் போட்டது. 1995 வந்தது, முடியவில்லை. 2000 என்றார்கள், 2005 என்றார்கள். கெடு மாற்றி மாற்றித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. 1999இல் யுனிசெஃப், உலக சுகாதார அமைப்பு, ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மூன்றும் சேர்ந்து மறுபடி தொடங்கியபோது தாயையும் கணக்கில் சேர்த்தார்கள். முக்கியப் பட்டியலில் சேர்ந்த நாடுகள் மொத்தம் 59.

'நீக்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரியம்மையை ஒழித்தோம். கிருமியே பூமியில் இல்லை, ஊசியும் நிறுத்தியாயிற்று. ரணஜன்னியில் அது நடக்காது. கிருமி மண்ணில் இருக்கிறது, ஏர் ஓட்டும் நிலத்தில் இருக்கிறது, மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. மண்ணுக்குத் தடுப்பூசி போட முடியாது. எனவே இலக்கை வேறு மாதிரி வைத்தார்கள்: ஒரு நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு ஒன்றுக்கும் குறைவாக ஆண்டுதோறும் இந்நோய் வர வேண்டும். நாட்டின் சராசரியைப் பார்ப்பதில்லை. சென்னையின் நல்ல கணக்கைக் காட்டி ஒரு மலை மாவட்டத்தின் மோசமான கணக்கை மறைக்க முடியாது. இந்த இலக்கை இப்படி எழுதியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

அதைச் சரிபார்க்கும் முறையும் அப்படித்தான். ஒரு மாநிலத்திலோ நாட்டிலோ எந்த மாவட்டம் மிக மோசமாக இருக்கக்கூடும் என்று பார்த்து, அதைத் தேர்ந்தெடுத்து அங்கே போவார்கள். அது தேறினால் மற்றவையும் தேறியதாக எடுத்துக்கொள்ளலாம். வீடுவீடாகப் போய், கடந்த ஓராண்டில் இந்த வீட்டில் குழந்தை பிறந்ததா, இறந்ததா என்று கேட்பார்கள். இறந்திருந்தால் தாயிடம் உட்கார்ந்து கேட்பார்கள்: முதல் இரண்டு நாள் நன்றாக அழுததா, பால் குடித்ததா? மூன்றாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் நடுவில் குடிப்பதை நிறுத்தியதா? உடம்பு விறைத்ததா, இழுப்பு வந்ததா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது ரணஜன்னி. பரிசோதனைக்கூடம் வேண்டாம், தாயின் நினைவு போதும். அந்தக் கேள்விகளை முதலில் படித்தபோது, ஆயா திண்ணையில் உட்கார்ந்து யாரும் கேட்காமலே இதே வரிசையில் பதில் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

இந்தியாவில் இந்தச் சரிபார்ப்பில் முதலில் தேறிய மாநிலம் ஆந்திரப் பிரதேசம், 2003இல். எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு இது தெரியாது. தமிழ்நாடும் கேரளமும்தான் சுகாதாரத்தில் முன்னால் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் உண்மையும் உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. மாநிலம் மாநிலமாக ஏறி 2015இல் நாடு முழுவதும் தேறியது. அடுத்த ஆண்டு இந்தோனேசியாவின் மிச்சமிருந்த பகுதியும் தேறியதோடு, இந்தியாவும் அடங்கிய, உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசிய மண்டலமே வெளியே வந்தது.

ஆந்திரத்தின் 2003 எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமாகப் படுகிறது. நோய் போனது ஊசியாலா, ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலா என்று ஒரு பழைய வாதம் உண்டு. 1998–99இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் பாதிப் பிரசவங்கள்தான் மருத்துவமனையில் நடந்தன. 2005–06இல்கூடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீட்டில் நடந்தது. 108 ஆம்புலன்ஸ் அங்கே ஓடத் தொடங்கியதே 2005இல். அதாவது, ஏராளமான குழந்தைகள் இன்னும் வீட்டில், மந்திரசானி கையில் பிறந்துகொண்டிருந்த காலத்திலேயே ரணஜன்னி ஆயிரத்துக்கு ஒன்று என்ற கோட்டுக்குக் கீழே போய்விட்டது. எனவே அந்த இடத்தில் பெரும்பங்கு ஊசிக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். ஊசியை எடுத்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்த ஏஎன்எம் என்ற கிராமச் செவிலியர்களுக்குத்தான் என்றும் சொல்லலாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. செயின்ட் கில்டாவில் தடுப்பூசியே இல்லாத காலத்தில், 1890களில், ஃபிடிஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோ போய்க் கிருமி நீக்கிப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுவந்தார். அதன் பிறகு அந்தத் தீவில் எட்டு நாள் நோய் நின்றுபோனது. சுத்தமான கை, சுத்தமான தரை, புது பிளேடு, சுத்தமான நூல், தொப்புளில் எதையும் வைக்காமல் இருப்பது. நம் மருத்துவச்சிகளுக்குப் பிற்காலத்தில் 'ஐந்து சுத்தம்' என்று சொல்லிக்கொடுத்தது இதுதான். ஒரு சோப்பு, ஒரு பிளேடு, நூல், பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் போட்ட பொட்டலமும் கொடுத்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்டாகப் பிரசவம் பார்த்த ஓர் அம்மாளை 'நீ செய்தது தப்பு' என்று திட்டாமல், கையில் புது பிளேடைக் கொடுத்து 'இனி இதில் அறுங்கம்மா' என்று சொன்ன இடங்களில்தான் அது எடுபட்டது.

இன்று எங்கள் பக்கம் வீட்டுப் பிரசவம் அபூர்வம். 2019–21 கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் 99.6 சதவீதம், கேரளத்தில் 99.8, ஆந்திரத்தில் 96.5. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் நர்ஸ் இருக்கிறார். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவிப் பணமும் கிடைக்கிறது. சரி, அப்படியானால் ஊசி இன்னும் எதற்கு என்று சில படித்த இளம் தாய்களே இப்போது கேட்கிறார்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தாலும் குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்குத்தான் வருகிறது. தொப்புள் உதிரும்வரை அது திறந்த வாசல். மஞ்சள் பூசலாமா, நெய் வைக்கலாமா என்று கேட்கும் பாட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறார். பேருந்திலும் ஆட்டோவிலும் வழியிலேயே பிரசவம் ஆகிவிடுவதும் உண்டு. சாகிற வரைக்கும் மண்ணோடுதான் வாழ்கிறோம்.

ஊசியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் போடாத பெண்ணுக்கு முதல் கர்ப்பத்தில் தெரிந்த உடனே ஒன்று, 4 வாரம் கழித்து இரண்டாவது. முதல் ஊசி மட்டும் இருந்தால் நம்பிக்கை வைக்க முடியாது, அது உடம்புக்கு ஓர் அறிமுகம்தான். இரண்டாவதோடு சுமார் 3 ஆண்டு பாதுகாப்பு. அதனால்தான் 3 ஆண்டுக்குள் அடுத்த கர்ப்பம் வந்தால் ஒரே பூஸ்டரோடு விடுகிறார்கள். உரிய இடைவெளியில் மூன்றாவது போட்டால் 5 ஆண்டு, நான்காவதில் 10, ஐந்தாவதில் பிள்ளை பெறும் வயது முழுவதும். குழந்தையிலிருந்தே 6, 10, 14ஆம் வாரத்தில் டெட்டனஸும் சேர்ந்த பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி, ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் டெட்டனஸ் சேர்ந்த டிபிடி ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியில் ஓர் ஊசி என்று எல்லாம் போட்டுக்கொண்டு வரும் பெண் கர்ப்பமாகும்போதே பெரும்பாலும் பாதுகாப்போடுதான் வருகிறாள். ஆனால் யாரிடமும் எழுத்தில் இருப்பதில்லை. எழுத்தில் இல்லாததைச் செவிலியர் இல்லாததாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

ஊசியின் பெயரும் இப்போது மாறியிருக்கிறது. டிடி என்ற தனி டெட்டனஸ் ஊசிக்குப் பதிலாகச் சில ஆண்டுகளாக டெட்டனஸோடு கொஞ்சம் டிப்தீரியாவும் சேர்ந்த ஊசியைப் போடுகிறார்கள். தொண்டை அடைப்பான் என்று நாம் சொல்லும் டிப்தீரியா பெரிய பிள்ளைகளையும் பெரியவர்களையும் மறுபடி பிடிக்கத் தொடங்கியதுதான் காரணம். 2015, 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் பிள்ளைகள் இறந்தபோது பக்கத்து மாநிலத்தில் இருந்த நாமும் பயந்தோம். ஒரே குத்தில் இரண்டும் கிடைப்பது நல்லதுதான். இந்த மருந்தைப் பற்றி இன்னொரு விஷயம்: வெயிலைக்கூடக் கொஞ்சம் தாங்கும், உறைந்தால் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியில் ஐஸோடு ஒட்டி வைத்துவிட்டால் ஊசி போட்டும் போடாத கதைதான். செவிலியர் குப்பியைக் குலுக்கிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உறைந்து கெட்டிருந்தால் அடியில் திப்பி தங்கும்.

வதந்தியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1990களில் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களிலும், 2014இல் கென்யாவிலும், இது மலடாக்கும் ஊசி என்ற பேச்சு பரவியது. அதற்கு ஒரு வேர் இந்தியாவில் இருக்கிறது. டெல்லியின் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் தல்வாரின் குழு கருத்தடைக்கான தடுப்பூசி ஒன்றை ஆராய்ந்தது. கர்ப்பகால ஹார்மோன் ஒன்றை டெட்டனஸ் டாக்ஸாய்டோடு பிணைத்த மருந்து அது. ஒளிவுமறைவு இல்லாமல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, முற்றிலும் வேறு மருந்து. ஆனால் இரண்டு பெயரும் ஒரே தாளில் இருந்ததைப் பார்த்தவர்கள் முடிச்சுப்போட்டுவிட்டார்கள். ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்ற கேள்வி அதை ஊதிப் பெரிதாக்கியது. நியாயமான கேள்விதான், பதிலும் எளிது. பிரசவத்தில் போகும் உயிர்களைத்தான் முதலில் மறிக்க நினைத்தார்கள். அந்தப் பதிலை முதலிலேயே, ஊர் நடுவில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். என் அம்மா கர்ப்பமாக இருந்தபோதும் 'குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி, கரு கலைஞ்சிடும்' என்று தெருவில் பேச்சு இருந்ததாம். நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாய அறுவைகளை மறக்காத ஊர், பயந்தது தப்பில்லை. அம்மா போட்டுக்கொண்டதற்குக் காரணம் ஆயாதான். "ரெண்டு போயிருக்குது, எதுன்னாலும் போட்டுக்கோ" என்றாராம்.

இப்போது உலகக் கணக்கு. 2018இல் இந்நோயால் இறந்த பச்சைக் குழந்தைகள் சுமார் 25,000 என்று மதிப்பீடு. 1988ஐ வைத்துப் பார்த்தால் 97 சதவீதம் குறைவு. 59 நாடுகளில் 47 நாடுகள் 2020 முடிவுக்குள் தேறிவிட்டன. அப்போது மிச்சமிருந்த 12இல் ஆப்கானிஸ்தான், ஏமன், சோமாலியா, தென் சூடான், நைஜீரியா, பாகிஸ்தான் எல்லாம் இருந்தன. பெரும்பாலும் போர் நடக்கும், அல்லது ரோடும் ஆஸ்பத்திரியும் எட்டாத இடங்கள். அங்கே கர்ப்பிணி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால் ஆபத்து அதிகமுள்ள மாவட்டங்களில் 15 முதல் 49 வயது வரையுள்ள எல்லாப் பெண்களுக்கும் மூன்று சுற்றாக ஊசி போடுகிறார்கள். மருந்து ஏற்கெனவே நிரப்பிய, ஒருமுறை மட்டுமே பயன்படும் யூனிஜெக்ட் என்ற சின்னக் குமிழ் ஊசியை நர்ஸ் இல்லாத ஊரில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்ணே போட்டுவிடலாம்.

அந்த 12 பேர் பட்டியலில் பப்புவா நியூ கினியும் இருந்தது. தாய்க்கு ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும் என்று 1961இல் உலகத்துக்குக் காட்டிய அதே நாடு. மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, விலை சில ரூபாய்தான், வேலை செய்கிறது என்று அங்கேயே நிரூபித்தும் ஆயிற்று. மலைக்கும் மலைக்கும் நடுவில் பாதை இல்லாத ஊருக்கு இரண்டாவது ஊசியைச் சரியான தேதியில் கொண்டுபோக ஆள் வேண்டும், அது மட்டும்தான் குறை.

நம் பக்கம் மிச்சமிருப்பது பெரியவர்கள், அதிலும் ஆண்கள். கர்ப்பத்தின் பெயரால் பெண்களுக்காவது கணக்கு இருக்கிறது. ஐம்பது அறுபது வயது ஆண்களுக்குப் பள்ளியிலும் போட்டிருக்க மாட்டார்கள், அதன் பிறகும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆணி குத்தினால், தறியில் கை மாட்டினால்தான் ஊசி ஞாபகம் வரும். மண்வெட்டி பிடிக்கும் அப்பாக்களும் தறி ஓட்டும் மாமாக்களும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பூஸ்டர் போட்டுக்கொள்வது நல்லது.

அன்று துணைக்குப் போன பெண்ணுக்கு இரண்டாவது ஊசி போட்டு, தேதியைத் தமிழ்நாட்டு அட்டையிலும் எழுதி, மாமியார் அனுப்பிய போட்டோவைச் செவிலியர் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். பிரசவம் நல்லபடியாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தது, பெண் குழந்தை. தொப்புள் ஏழாம் நாள் உதிர்ந்தது, எதுவும் வைக்கவில்லை. எட்டாம் நாளை வீட்டில் யாரும் எண்ணவில்லை. 6ஆம் வார ஊசியை இங்கே போட்டார்கள், 10ஆம் வாரத்தையும் இங்கேயே. மூன்றாம் மாதம் புகுந்த வீட்டிலிருந்து வந்து அழைத்துப்போனார்கள். 14ஆம் வார ஊசி நகரியில். பையில் துணிக்கு மேலே, எடுக்க வசதியாக, இரண்டு மாநிலத்து அட்டையையும் ஒன்றாக வைத்துக் கட்டிக் கொடுத்தார் அவள் அம்மா.